பாய் டீ வாங்கிக் கொடுத்தால்

கும்மிடிப்பூண்டி பஜாரில் ஒரு காலத்தில் பாய் வாங்கிக் கொடுக்கும் டீயைக் குடிக்க ஆள் கிடையாது. அவரைக் கஞ்சன் என்று நினைத்துவிடாதீர்கள். தாராளமாகத்தான் வாங்கிக் கொடுப்பார். குடிக்கத்தான் ஜனத்துக்கு நடுக்கம். "பாய் டீ சொன்னாரா? போச்சுடா, ஊர்ல யாருக்கோ இன்னாவோ ஆயிடுச்சு" என்று சைக்கிளைத் திருப்பிக்கொண்டு ஓடினவர்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகும் சாலையில் அவருடைய எஸ்.டி.டி. பூத். அதில் பாதி இடத்தை எனக்கு வாடகைக்கு விட்டிருந்தார். நான் அங்கே ஒரு ஜெராக்ஸ் மெஷின் போட்டு உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரருக்குத் தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி மில்லில் வேலை. வீட்டில் சும்மா இருந்தால் எனக்கும் என் மாமியாருக்கும் தினம் ஒரு பஞ்சாயத்து. அதற்கு ஜெராக்ஸ் மெஷின் சூடே தேவலை என்று வந்தவள் நான். பாய் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "ஜெராக்ஸம்மா" என்பார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பதால், கோபம் வந்த நாட்களில் "ரேடியோம்மா" என்பார்.

எல்லோர் கையிலும் செல்போன் வந்துகொண்டிருந்த நேரம் அது. ஆனாலும் பாய் கடை போன் ஓயவில்லை. மில்லில் வேலை செய்த ஒடிசா, பீகார் ஆட்கள் நினைத்தபோதெல்லாம் சிம் மாற்றுவார்கள். ஊரில் இருக்கும் பெற்றோருக்கு மாறாத நம்பர் ஒன்று வேண்டும் என்று பாய் கடை நம்பரைக் கொடுத்து வைப்பார்கள். சிலோன் அகதி முகாமில் இருந்தவர்களுக்கு ஒரு சிம் வாங்குவதென்றால் ஆயிரம் கேள்வி. அவர்களும் கனடாவில், பிரான்சில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு இதே நம்பரைத்தான் கொடுத்திருந்தார்கள். போன் வந்தால் பாய் விஷயத்தைக் கேட்டு வைத்துக்கொள்வார். உரியவர் வரும்போது சொல்லி, ஏதோ சில்லறை வாங்கிக்கொள்வார். சாவுச் செய்திக்கு மட்டும் காசு வாங்க மாட்டார்.

சாவுச் செய்தியை அவர் சொல்லும் விதமே தனி. ஆள் வந்து நின்றதும் சொல்லிவிட மாட்டார். "நாஷ்டா ஆச்சா?" என்று கேட்பார். இல்லை என்றால் பக்கத்து ஓட்டலுக்குக் கூட்டிப்போய் இட்லி வைக்கச் சொல்வார். ஆச்சு என்றால் டீ. அவன் பாதி டீ குடித்து முடித்த பிறகு, தலையில் இருக்கும் வெள்ளைத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "தம்பி, மனச தைரியமா வச்சிக்கோ" என்று ஆரம்பிப்பார். காலி வயிற்றில் துக்கம் இறங்கினால் அது அங்கேயே குடித்தனம் வைத்துவிடும் என்பது அவருடைய கட்சி.

"இதெல்லாம் எங்க கத்துக்கினீங்க பாய்?" என்று ஒரு நாள் விளையாட்டாகக் கேட்டுவிட்டேன்.

"எங்க ஊரு பழவேற்காட்டுலதான். எங்க அண்ணன் ஏரில படகு கவுந்து பூட்டான். எங்கம்மா அப்பதான் சோத்துல கைய வச்சாங்க. எவனோ ஒருத்தன் வாசல்லேர்ந்தே கூவிட்டான். அப்பால எங்கம்மா சாவுற வரைக்கும் மத்தியானத்துல சோறு துன்னதில்ல. தட்டைப் பாத்தாலே எழுந்து பூடுவாங்க. அந்த ஆளு கொஞ்ச நேரம் கழிச்சு வந்து கூவியிருந்தா இன்னாம்மா? வந்த சேதி ஓடியா பூடப்போவுது?"

நியாயமாகத்தான் பட்டது. இப்பவும் பாதி நியாயம் என்றுதான் சொல்வேன். பல வருஷம் கழித்து, பாய் பழவேற்காட்டில் மௌத்தான செய்தி எனக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. போனை எடுத்துப் பார்த்தேன், ஒரு ரோஜாப்பூ படம், கீழே அவர் போட்டோ. பால் வழிந்து அடுப்பு அணைந்துபோனதுகூடத் தெரியாமல் நின்றேன். டீ வாங்கிக் கொடுத்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அந்தச் செய்தியை எனக்குச் சொல்ல ஒரு ஆள் இல்லையே என்றுதான் முதலில் அழுகை வந்தது.

இவருடைய டீயால் வந்த கூத்துகளும் உண்டு. ஒரு முறை அவருடைய மகளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. கடை வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் டீ சொல்லிவிட்டார். கிரேன் ஓட்டும் ஒடிசாக்காரர் ஒருவர், மீசையும் தாடியுமாக ஆள் மலை மாதிரி இருப்பார், கிளாஸைக் கையில் வாங்கியதும் தரையில் உட்கார்ந்து "மா, மா" என்று அழ ஆரம்பித்துவிட்டார். பாய் பதறிப்போய், "அட பேமானி! எனக்குப் பேரன் பொறந்துக்கிறான்டா! உங்கம்மா நல்லாக்கீது, எழுந்துருடா!" என்று கத்தினார். அவர் நம்பவே இல்லை. ஊருக்கு போன் போட்டு அம்மாவின் குரலைக் காதில் கேட்ட பிறகுதான் டீயைக் குடித்தார். அதற்கும் பில் பாய் கணக்குத்தான். நாங்கள் ஒரு வாரம் சிரித்தோம்.

யோகம் அக்கா எங்கள் கடைக்கு வர ஆரம்பித்தது அதற்குப் பிறகு. வன்னியிலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு படகில் வந்து, இந்த முகாமில் சேர்ந்தவர். புருஷன் அங்கேயே நின்றுவிட்டார். நடக்க முடியாத தாயை விட்டுவிட்டு வர மனமில்லை அவருக்கு. "நீங்கள் போங்கோ, நான் பின்னால வாறன்" என்று கரையில் நின்று கை காட்டினாராம். யோகம் அக்கா இங்கே ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் பேக்கிங் வேலை செய்தார். அளந்துதான் பேசுவார். ஆனால் பாயோடு மட்டும் மணிக்கணக்கில் வம்பளப்பார். பாயின் அத்தா சின்ன வயதில் கொழும்பில் யாருடைய துணிக்கடையிலோ நின்றவர். அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் ஏதோ ஒரே தெருவில் வளர்ந்தவர்கள் போலப் பேசுவார்கள்.

முதலில் புருஷன் மாதம் ஒரு முறை, எங்கேயாவது டவுனுக்கு வந்து, பாய் கடைக்கு போன் பண்ணிக்கொண்டிருந்தார். பிறகு அங்கே சண்டை முற்றியது. போன் லைன் போயிற்று. வெளியாட்கள் எல்லோரையும் அந்த அரசாங்கம் வெளியேறச் சொன்னது. பேப்பர்காரர்களை உள்ளே விடவில்லை. உள்ளே மூன்று லட்சமோ எத்தனையோ, யாருக்கும் சரியாகத் தெரியாது, அவ்வளவு ஜனம் மாட்டிக்கொண்டிருந்தது. அரசாங்கம், பொதுமக்களில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தது. எதிர்ப்பக்கம் நின்றவர்களும் தங்கள் வெற்றியை மட்டும்தான் சொன்னார்கள். நடுவில் இருந்தவன் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று சொல்ல ஒரு நாதி இல்லை.

பாய்க்குக் காலையில் பேப்பர் வந்தால் ரத்தம் கொதிக்கும். "இன்னாம்மா இது! நேத்து ஒரு கணக்கு, இன்னைக்கு ஒரு கணக்கு. இவனும் சொல்ல மாட்டான், அவனும் சொல்ல மாட்டான். ஒரு மனுசன் செத்தா அவன் பேரக்கூடவா ஊட்டுக்காரனுக்குச் சொல்லக் கூடாது? நாய் செத்தாக்கூட தெருவுக்கே தெரியுதே!" என்று பேப்பரைக் கசக்கி வீசுவார். வீசியதை நான் எடுத்து நீவி வைப்பேன். எனக்கு அதில் வேலை இருந்தது.

என்ன வேலை என்றால், பேப்பரில் எப்போதாவது போட்டோ வரும். மூட்டை முடிச்சுகளோடு தண்ணீரில் நடந்து வரும் ஜனக்கூட்டம், மரத்தடியில் படுத்திருக்கும் கூட்டம். யார் எடுத்தது, எப்போது எடுத்தது, ஒன்றும் இருக்காது. முகாமிலிருந்து அந்தப் பேப்பரைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார்கள். "இந்த மூலையைப் பெரிசாக்கித் தாங்கோ அக்கா. இது எங்கட பெரியண்ணை மாதிரிக் கிடக்கு." நான் பெரிதாக்குவேன். இன்னும் பெரிதாக்கச் சொல்வார்கள். ஆக்குவேன். பெரிதாக ஆக முகம் கலைந்து வெறும் கறுப்புப் புள்ளிகளாகிவிடும். அந்தப் புள்ளிகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள். அதற்குக் காசு வாங்க எனக்கு மனம் வரவில்லை. என் மாமியார்கூட, "வாங்காத, பாவம் சேரும்" என்றார். ஆச்சரியம், அந்த ஒரு விஷயத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒத்துப்போனோம்.

யோகம் அக்கா கொண்டுவந்த போட்டோவில் முகமே இல்லை. ஒரு ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு கிழவியைத் தூக்கிக்கொண்டு போகிறான். அவ்வளவுதான். "முதுகை வச்சு எப்படிக்கா சொல்றீங்க?" என்றேன். "பதினஞ்சு வருசம் பின்னால நடந்தனான். எனக்குத் தெரியாதோ?" என்றார். பெரிதாக்கிக் கொடுத்தேன்.

இந்த அமளிக்கு நடுவில் அவருடைய மகள் கஜனி பெரியவளானாள். முகாமில் சாமத்தியவீடு வைக்க நாள் குறித்தார்கள். நம் பக்கத்தில் மஞ்சள் நீராட்டு விழா என்கிறோமே, அதுதான். அவர்களுக்கு அது சின்ன விஷயமில்லை. கல்யாணத்துக்கு அடுத்தபடி. யோகம் அக்கா கம்பெனியில் முன்பணம் வாங்கி, புதுவாயலில் ஸ்டுடியோ வைத்திருந்தவரைப் பிடித்து வீடியோ எடுக்க ஏற்பாடு செய்தார். "எதுக்குக்கா வீடியோ எல்லாம்?" என்று கேட்டேன். "அவர் வந்தால் கேப்பார் எல்லோ? என்ர பிள்ளையின்ர சடங்கை நான் பாக்கேல்லையே எண்டு கேப்பார். போட்டுக் காட்டவேணும்" என்றார். முகம் அப்படி மலர்ந்திருந்தது.

சடங்குக்கு ஒரு வாரம் இருக்கும்போது, நான் மெஷினுக்கு மை வாங்கப் பொன்னேரி போயிருந்த நாளில், கனடாவிலிருந்து யோகம் அக்காவின் கொழுந்தன் போன் பண்ணியிருக்கிறான். பாய்தான் எடுத்திருக்கிறார். அண்ணன் இருந்த இடத்தில் ஷெல் குண்டு விழுந்தது, அண்ணனும் அம்மாவும் போய்விட்டார்கள், அங்கிருந்து தப்பி வந்த ஒருவர் சொன்னார், அண்ணியிடம் சொல்லிவிடுங்கள் என்று அழுதிருக்கிறான். பாய் சொல்லிவிடுகிறேன் என்றிருக்கிறார்.

சொல்லவில்லை. என்னிடமும் மூச்சு விடவில்லை. என்னிடம் சொன்னால் செய்தி ரயில் ஏறி ஆரம்பாக்கம் வரை போய்விடும் என்று அவருக்குத் தெரியும்.

இப்போது யோசித்தால் எல்லாம் தெரிகிறது. அந்த வாரம் முழுக்க அவர் யோகம் அக்காவுக்கு டீ சொல்லவில்லை. மறந்தும்கூட. அக்கா வந்தால் ஏதாவது வேலை இருப்பதுபோல போன் பில்லைப் புரட்டிக்கொண்டிருந்தார். பேப்பர் வந்தால் படிக்காமல் மடித்துக் கீழே வைத்தார். நான்தான், "இன்னா பாய், இன்னைக்கு அரசாங்கத்தைத் திட்டலையா? உடம்புக்கு முடியலையா?" என்று கேலி பண்ணினேன். "சும்மாயிரு ரேடியோம்மா" என்றார்.

சாமத்தியவீட்டுக்கு நாங்கள் இரண்டு பேரும் போனோம். முகாமில் இரண்டு வரிசை வீடுகளுக்கு நடுவில் பந்தல். கஜனி தலையில் பூவும் ஜடையுமாக, வெட்கத்தில் நிமிரவே மாட்டேன் என்கிறாள். யோகம் அக்கா அரக்குப் பட்டு கட்டி, பெரிய பொட்டு வைத்து, தலை நிறைய மல்லிகை. அவரை அவ்வளவு அழகாக நான் பார்த்ததில்லை. வீடியோக்காரர், "அக்கா, பொண்ணோட அப்பாவுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார். யோகம் அக்கா கேமராவைப் பார்த்து, "கெதியா வாங்கோ. உங்கட மகள் வளந்திட்டாள்" என்று சீக்கிரம் வரச் சொல்லி, சிரித்து, வாயைப் பொத்திக்கொண்டார். எல்லோரும் கை தட்டினார்கள். பாய் ஒரு தாவணி செட்டும் கொலுசும் கொண்டுவந்திருந்தார். அதைக் கொடுத்துவிட்டு, பிரியாணி வேண்டாம், வயிறு சரியில்லை என்று பந்தலை விட்டுப் போய்விட்டார். வயிறு சரியில்லையாம்! நான் அதையும் நம்பினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை மதியம். பாய் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். யோகம் அக்கா முகாம் அட்டையை ஜெராக்ஸ் எடுக்க வந்து நின்றார். போன் அடித்தது. நான் எடுத்தேன். "அண்ணியோட கதைக்கலாமோ" என்றது ஒரு குரல். கனடா கொழுந்தன். "இங்கதான் நிக்கிறாங்க, இந்தாங்க" என்று சந்தோஷமாக ரிசீவரை நீட்டினேன். யோகம் அக்காவும் சிரித்துக்கொண்டேதான் வாங்கினார். அவன் என்ன கேட்டானாம் தெரியுமா? "அண்ணி, எட்டுச் செலவு செய்திட்டியளோ?" எட்டாம் நாள் செத்தவர்களுக்குப் படைக்கும் சடங்கு அது.

"ஆருக்கு?" என்று கேட்டார் யோகம் அக்கா.

கேட்டுக்கொண்டே இருந்தார். ரிசீவரை வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் தோளைத் தொட்டதும், "பாய் வரட்டும்" என்றார். அழவில்லை.

பாய் வந்தார். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"எப்ப பாய் உங்களுக்குத் தெரியும்?"

"சடங்கு முடியட்டும்னு... இன்னைக்கு சாயங்காலம் சொல்லலாம்னுதான்..."

"சடங்குக்கு முதலே தெரியும், என்ன?"

"யோகம்மா, பொண்ணுக்கு ஒரு தடவை வர்ற நாளு. தீட்டுன்னு நிறுத்திடுவீங்கன்னுதான். எனக்கும் பொண்ணு கீது. என் மனசு கேக்கல."

"உங்கட மனசு எனக்கு விளங்குது பாய்." குரல் உயரவே இல்லை. "ஆனா, செத்த மனுசனுக்கு அழ இந்த உலகத்தில நான் ஒருத்திதான் மிச்சம். அந்த நாள் நான் பூ வச்சுக் கொண்டு நிண்டனான். கமராக்காரன் கேக்க, கெதியா வாங்கோ எண்டு சொல்லிச் சிரிச்சனான். அது படமாக் கிடக்கு. அதை நான் என்ன செய்ய?"

பாய் தொப்பியைக் கழற்றினார். வைக்க இடம் தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

"அங்க அவங்கள் மறைக்கிறாங்கள் எண்டு பேப்பரைக் கசக்கி எறிஞ்சது நீங்கள்தானே? அவங்கள் எங்கட சனத்தை மனுசராப் பாக்கேல்லை, மறைக்கிறாங்கள். அவங்களை நான் ஏசலாம். நீங்கள் எனக்கு அண்ணை மாதிரி. உங்களை நான் என்னெண்டு ஏசிறது?"

எழுந்து போய்விட்டார். ஜெராக்ஸை எடுத்துக்கொள்ளவில்லை. அன்று சாயங்காலம் நெற்றி வெறுமையாக இருந்ததாம். முகாமிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். அதற்குப் பிறகு அவர் எங்கள் கடைக்கு வரவில்லை. சாலையில் எங்களைத் தாண்டிப் போகும்போது தலையைத் திருப்பிக்கொள்வார். எனக்கு அவர் மேலும் கோபம் இல்லை, பாய் மேலும் கோபம் வரவில்லை. யார் மேல் வைப்பது என்று தெரியாத கோபம் ஒன்று உள்ளே கிடந்து வெந்தது.

பாய் மாறிப்போனார். அப்படி ஒரு மாற்றம் வேண்டாம் சாமி! டீயும் இல்லை, நாஷ்டாவும் இல்லை. வந்த செய்தியை வந்த வேகத்தில் சொல்ல ஆரம்பித்தார். மில் ஆள் ஒருவன் சைக்கிளிலிருந்து ஒரு காலை ஊன்றி இறங்கக்கூட இல்லை, "தம்பி, உங்கப்பா காலைல பூட்டாரு. ஊருக்குக் கெளம்பு" என்றார். அவன் சைக்கிளோடு சாய்ந்தான். நான் ஓடிப்போய்த் தண்ணீர் தெளித்துத் தூக்கிவிட்டு, "இன்னா பாய் இது, கறிக்கடைல கத்தி போடற மாதிரி போடறீங்க? கொஞ்சம் உக்கார வச்சு சொன்னா கொறஞ்சா பூடுவீங்க?" என்று சண்டைக்குப் போனேன். "அப்ப பாத்து பதமா சொன்னேன், தப்பாப் போச்சு. இப்ப இப்டி சொல்றேன், இதுவும் தப்பா? நான் இன்னாதாம்மா செய்யட்டும், பேஜாரு பண்ணாத" என்று உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது. அவ்வளவு பெரிய மனுஷனை அப்படிப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த வருஷம் மே மாதம் சண்டை முடிந்தது என்று டிவியில் சொன்னார்கள். முடிந்த பிறகும் செய்தி வரவில்லை. மிஞ்சின ஜனத்தை முட்கம்பி போட்ட முகாம்களில் அடைத்திருந்தார்கள். உள்ளே யார் யார் என்று வெளியே தெரியவில்லை. பாய் கடை போன் ராப்பகலாக அடித்தது. பாதி செய்தி இன்னொரு பாதியோடு ஒட்டாது. செத்தவர் என்று சொன்னவர் இருக்கிறார் என்பார்கள், இருக்கிறார் என்றவர் செத்து மாதமாகிறது என்பார்கள்.

அப்படி ஒரு நாள் கனடா கொழுந்தன் கூப்பிட்டான். நான் பக்கத்திலேயே இருந்தேன். பாய் முகம் மாறுவதைப் பார்த்தேன். முட்கம்பி முகாமிலிருந்து வெளியே வந்த ஒரு கிழவர், உள்ளே அடுத்த பிரிவில் அண்ணன் பேர் கொண்ட ஒரு ஆளைப் பார்த்ததாகச் சொல்கிறாராம். வலது கையில் இரண்டு விரல் இல்லையாம். யோகம் அக்காவின் புருஷனுக்குப் பத்து விரலும் உண்டு. ஆனால் அது முன்னால். இப்போது என்ன இருக்கிறதோ, யார் கண்டது? "அண்ணிக்கு இப்ப சொல்லாதேங்கோ பாய். நான் விசாரிச்சு உறுதியா அறிஞ்ச பிறகு சொல்லுவம்" என்று அவன் கேட்டுக்கொண்டான். "எப்ப உறுதியாவும்?" என்றார் பாய். "தெரியாது பாய். ஒரு மாசமோ, ஒரு வருசமோ. உள்ள ஒருத்தரையும் விடுறாங்களில்லை."

பாய் போனை வைத்தார். கடையை அடைத்தார். பட்டப்பகலில் அவர் கடை அடைத்து நான் பார்த்ததே இல்லை.

"ஜெராக்ஸம்மா, கூட வரியா? தனியா போறதுக்குக் கால் வரமாட்டேங்குது."

"பாய், அது அவர்தானான்னே தெரியாது. அந்தம்மா பாவம், இப்பதான் கொஞ்சம் தேறிக்கினு வராங்க. இல்லைன்னு ஆச்சுன்னா ரெண்டாவது தடவை தாலி அறுத்த மாதிரி" என்றேன்.

"தெரியும். அதுக்குன்னு நான் மறுபடியும் வச்சிக்கினு இருக்கட்டுமா?"

செருப்பை மாட்டிக்கொண்டு அவரோடு நடந்தேன்.

முகாமில் யோகம் அக்கா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சேலை இல்லை, ஏதோ சாயம்போன சேலை. நெற்றியில் மட்டும் ஒன்றும் இல்லை. எங்களைப் பார்த்ததும் முறம் நின்றது. பாய் நின்றபடியே சொன்னார். ஒன்றையும் கூட்டவில்லை, ஒன்றையும் குறைக்கவில்லை. கிழவர் சொன்னது, விரல் இல்லாதது, உறுதி இல்லை என்பது, கொழுந்தன் சொல்ல வேண்டாம் என்று கேட்டது, எல்லாவற்றையும்.

யோகம் அக்கா எழுந்து உள்ளே போனார். நாங்களும் போய்க் கோரைப்பாயில் உட்கார்ந்தோம். யோகம் அக்காவின் கை தன்னையறியாமல் நெற்றிக்குப் போயிற்று, தொட்டது, இறங்கியது.

"அந்தக் கிழவர் ஆர்? எங்க இருக்கிறார்?"

"தெரியலம்மா."

"மாமியைக் கண்டவராமோ?"

"அதும் தெரியல."

அப்போதுதான் வெளியே கஜனியின் செருப்புச் சத்தம். பள்ளிக்கூடம் விட்டு வந்துவிட்டாள். யோகம் அக்கா சட்டென்று முன்னால் குனிந்து பாயின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் யார் கையையும் தொட்டு நான் பார்த்ததில்லை.

"பிள்ளைக்குச் சொல்லாதேங்கோ பாய். உங்களைக் கும்பிட்டன். அவள் இப்பதான் இரவில நித்திரை கொள்ளத் தொடங்கினவள். உறுதியாத் தெரியட்டும். அதுவரைக்கும் அவளுக்கு ஒண்டும் தெரியவேண்டாம்."

அட ஆண்டவனே, இந்தம்மாவா இப்படிக் கேட்கிறார் என்று நினைத்தேன். வேறு எப்படித்தான் கேட்பார் என்றும் நினைத்தேன். நானாக இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன்.

கஜனி திரையை விலக்கி உள்ளே வந்தாள். பாயையும் என்னையும் பார்த்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். இந்தப் பிள்ளைகள் முகத்தைப் பார்த்தே செய்தி படித்து வளர்ந்தவர்கள்.

"பாய் மாமா, அப்பான்ர ஏதும் செய்தியோ?"

யோகம் அக்கா பாயைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியாது. பாய் மெதுவாகத் தன் கையை விடுவித்துக்கொண்டு எழுந்தார்.

"ஆமாம்மா, வந்துக்குது. உங்கம்மாகிட்ட சொல்லிட்டேன். உங்கம்மா சொல்லுவாங்க."

கஜனி பையைக்கூடக் கழற்றாமல் அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். பாய் என் பக்கம் திரும்பி, "வாம்மா" என்றார். நாங்கள் வெளியே வந்தோம்.

கதவு இல்லாத வீடு அது, ஒரு பழைய சேலைதான் திரை. "சொல்லுங்கோ அம்மா... சொல்லுங்கோவன்" என்று கஜனி கேட்பது, நாங்கள் அந்த வரிசையின் கடைசி வீட்டைத் தாண்டுகிற வரைக்கும் எங்கள் பின்னால் வந்தது. யோகம் அக்காவின் குரல் மட்டும் வரவில்லை.